பெரிய கேட்டும் சிவப்பு லைட்டும்

காக்களூரில் எந்தத் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு கண்ணில் படும். அதில் பாதி நான் செய்தது. கடம்பத்தூர் பக்கம் ஒரு சர்ச்சில் மணி தொங்குகிற சட்டம் நான் செய்தது. எங்கள் தெரு அம்மன் கோயில் உண்டியலைச் சுற்றி இருக்கிற கூண்டும் என் கைவேலைதான் (ஒரு திருடன் வந்து அறுத்து அறுத்துப் பார்த்துவிட்டு, பிளேடை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். அந்த பிளேடை இப்பவும் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன், சர்டிபிகேட் மாதிரி). படிப்பு எட்டாவது ஃபெயில். அப்பா நெல் அறுக்கக் கூலிக்குப் போனவர். வாடகை வெல்டிங் மெஷினோடு ஒரு வேப்ப மரத்தடியில் ஆரம்பித்து, பட்டறை, ஷெட்டு, வீடு, வீட்டுக்கு மேலே மாடி என்று ஏற்றினவன் நான். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன், நம்ம குணம் அப்படி.

இப்பேர்ப்பட்ட ஏழுமலையாகிய நான் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், லுங்கியும் முண்டா பனியனுமாக, லண்டன்காரர் ஒருவர் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அதை நான் சொல்லாவிட்டால் என் சம்சாரம் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் என் பங்கு குறைந்துபோகும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் வீட்டு கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இள வயசில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஹெல்பராக இருந்தேன். அங்கே இரண்டு கேட்டு. பெரிய கேட்டு லாரிக்கும் முதலாளி காருக்கும். சின்ன கேட்டு எங்களுக்கு. குனிந்துதான் போக வேண்டும், குனிந்துதான் வர வேண்டும். வரும்போது செக்யூரிட்டி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார், ஏதோ நான் ஒரு டன் கம்பியை ரசம் சாதத்தில் மறைத்துக் கொண்டுபோவது மாதிரி. துருப்பிடித்த பழைய இரும்பு லோடுக்கு அந்தப் பெரிய கேட்டு அகலமாகத் திறக்கும். எனக்கு ஒரு நாளும் திறக்கவில்லை. அப்போதே முடிவு பண்ணினேன்.

அதனால் என் வீட்டுக்கு வைத்தது பன்னிரண்டு அடி தள்ளு கேட்டு. கீழே ரோலர், பின்பக்கம் ஆங்கிள், மேலே வேல் மாதிரி கூர். சாதாரண ஆள் தள்ளினால் நகராது. பக்கத்தில் ஒரு சின்ன கேட்டும் வைத்தேன், பால்காரருக்கு, சம்சாரத்துக்கு, மற்றவர்களுக்கு. நான் அதில் கால் வைத்தது கிடையாது. கறிவேப்பிலை வாங்கப் போனாலும் பெரிய கேட்டைத்தான் தள்ளுவேன், கடைசியில் ஸ்டாப்பரில் ‘டங்’ என்று மோதும்வரை. தாண்டினதும் இழுத்து மூடிவிடுவேன். பாதி திறந்து சந்தில் நுழைந்து போவது எனக்குப் பிடிக்காது. அந்த ‘டங்’ கேட்டால்தான் தெருவுக்கு விடியும் என்று நானே சொல்லிக்கொள்வேன். (எதிர்வீட்டுக்காரர் வேறு மாதிரி சொல்வார். அது இங்கே வேண்டாம்.)

என் பையன் பிரபுவுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் ஷாலினி வந்தாள். மீஞ்சூர் பொண்ணு, பெரிய படிப்பு. பெங்களூரில் இருக்கிற கம்பெனிக்கு எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். அதற்கு நெட் வேண்டும். மொபைல் நெட் எங்கள் வீட்டுக்குள் வராது. கூரையில் இஞ்சினியர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு கம்பி போட்டிருக்கிறேன், சிக்னல் வெளியிலேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஆகையால் கேபிள் ரவியைக் கூப்பிட்டோம்.

ரவி போஸ்ட்டிலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்து, என் கேட்டுக்கு மேலே தொங்கலாக விட்டு, ஹாலுக்குள் கொண்டுவந்து ஒரு பெட்டியில் சொருகினான். பச்சை லைட்டு எரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. நான் செய்த கேட்டுக்கு மேலே துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒரு வயர் ஆடிக்கொண்டிருந்தால் எவன் என்னிடம் கேட்டு ஆர்டர் கொடுப்பான்?

மறுநாள் அவன் சுருட்டி விட்டிருந்த மிச்ச வயரைப் பிரித்து, காம்பவுண்டு சுவரின் உள்பக்கமாக, கீழோடு கொண்டுபோனேன். மேலே இரும்பு சேனல் வைத்து மூடி, சுவர் கலரிலேயே பெயிண்ட் அடித்தேன். ஸ்டாப்பர் பக்கத்தில் மட்டும் சேனல் கேட்டில் இடித்தது. அங்கே ஒரு சாண் அளவுக்குச் சேனலை வெட்டி எடுத்துவிட்டு, வயரைச் சும்மா விட்டேன். யாருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை.

அடுத்த தடவை ரவி வந்தபோது பார்த்துவிட்டு, “இன்னா நைனா, வயரையே காணோம்” என்றான்.

“அதான் வேலை” என்றேன்.

“வேலை சூப்பரா கீது. ஆனா இத்த ரொம்ப மடக்கக் கூடாது நைனா. உள்ள கண்ணாடி நூலு.”

கண்ணாடியை எவனாவது வயருக்குள் வைப்பானா. கேபிள்காரர்கள் தொழில் ரகசியத்தைக் காப்பாற்ற இப்படி எதையாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் நெட் போய்ப் போய் வர ஆரம்பித்தது.

நாள் முழுக்கப் போகாது. காலையில் ஒரு தடவை. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு தடவை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை. சாயந்திரம் கேட்கவே வேண்டாம். ஷாலினி மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பாள், பெட்டியில் பச்சை லைட்டு செத்துச் சிவப்பு லைட்டு கண் சிமிட்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக வந்துவிடும். அதற்குள் பெங்களூரில் எல்லாரும் அவள் முகம் பாதி வாய் திறந்தபடி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நான் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வந்து அந்தப் பெட்டி முன்னால் நின்று முறைப்பேன். முறைத்த கொஞ்ச நேரத்தில் பச்சை வந்துவிடும். “பாத்தியா, ஆளைப் பாத்தா பயப்படுது” என்று சொல்வேன்.

என் சம்சாரம் கஸ்தூரி சமையல் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, “நீ வந்தா வருதுன்றியே, நீ வந்தாத்தான் போவுது. அத்தயும் சொல்லு” என்பாள்.

எனக்கு மரியாதை கொடுக்காத பேச்சு என்று அதைக் காதிலேயே வாங்கவில்லை.

ரவி நாலைந்து தடவை வந்தான். தெருவில் பைக்கைப் போட்டுவிட்டு, சின்ன கேட்டு வழியாகக் குனிந்து உள்ளே வருவான். ஒரு மெஷினைச் சொருகிப் பார்ப்பான். “லைன் பக்காவா கீது நைனா” என்று சொல்லிவிட்டு, குனிந்து போய்விடுவான். அவன் தலை மறைந்ததும் நான் அவனைத் திட்டிக்கொண்டே பெரிய கேட்டைத் தள்ளிக்கொண்டு டீ குடிக்கப் போவேன். உள்ளேயிருந்து ஷாலினி “மாமா, மறுபடியும் போயிடுச்சு” என்பாள். “அவன் போனதும் போவுது பாரு, ஃபிராடு” என்பேன்.

ஒரு நாள் பிரபு ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட உட்காராமல் நின்றான். ஷாலினியின் மேனேஜர் மேடம் கடைசியாகச் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லண்டன் கஸ்டமருக்கு ஷாலினிதான் விளக்கிச் சொல்ல வேண்டும். அதில் நெட் போனால், இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது, பெங்களூருக்கு வந்துவிட வேண்டும்.

“அவ போனா நானும் அங்கயே வேலை தேடிக்கினு போவணும்பா” என்றான் பிரபு.

நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். மேலே மாடி அவர்களுக்காகக் கட்டினது. ஜன்னல் கிரில்லில் இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தையும் வளைத்து வைத்திருக்கிறேன்.

கஸ்தூரிதான் பேசினாள். “ஊடு நெறைய இரும்பு வச்சிக்கினு நாம ரெண்டு பேரும் இன்னா பண்றது? தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருக்கலாமா?”

“நான் இருக்கேன்ல” என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து ரிப்பேர் வேலை என் கைக்கு வந்தது.

இரும்பு வேலையில் எனக்குத் தெரிந்து எதுவும் மூன்று காரணத்தால்தான் கெடும்: சூடு, அதிர்வு, எர்த்து. சூட்டுக்குப் பெட்டிக்கு நேராக டேபிள் ஃபேன் வைத்தேன். அதிர்வுக்கு அடியில் லாரி டயர் ரப்பரை வெட்டிப் போட்டேன். எர்த்துக்கு ஒரு கம்பியைச் சுற்றப் போனபோது ஷாலினி கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, ப்ளீஸ்” என்றாள். சரி, பொண்ணு பயப்படுகிறது என்று விட்டுவிட்டேன். கஸ்தூரி தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துப் பெட்டிக்கு மேலே கட்டினாள். அந்த ஃபேன் காற்றில் அது சுற்றிச் சுற்றி வந்தது.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. மத்தியானம் ஒரு மணிக்கு நெட் போகிறது. ஒரு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? குக்கர் விசில் அடிக்கிறது. நான் சாப்பிட வருகிற நேரம் பார்த்துத்தானே கஸ்தூரி அடுப்பில் ஏற்றுகிறாள்.

“குக்கரு போடாத” என்றேன்.

“இன்னாது?”

“அந்த விசில் சத்தம் பொட்டிலேர்ந்து காத்துல வர்ற நெட்டை ஒடச்சிடுது.”

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒரு மணிக்கு குக்கரு மட்டுமா சத்தம் போடுது? நீயுந்தான் வந்து டங்குன்னு இடிக்கிற.”

இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? குக்கர் வெயிட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன், அந்தப் பெரிய கேட்டு வழியாக.

வெள்ளிக்கிழமை வந்தது. பட்டறைக்கு லீவு விட்டேன். காலை நாஷ்டா கடையில் வாங்கினோம், மத்தியானச் சாப்பாடும் கடையில்தான். மிக்ஸி கூடாது, வாஷிங் மெஷின் கூடாது, மோட்டார் கூடாது. கஸ்தூரியைச் சமையல் ரூம் பக்கமே விடவில்லை, அவள் வெளியே வந்து வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள். நான் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆச்சரியம், காலையிலிருந்து ஒரு தடவைகூட நெட் போகவில்லை. நான் காலையிலிருந்து வெளியே போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை (கஸ்தூரி கவனித்தாளாம். இப்போது சொல்கிறாள்).

நாலு மணிக்கு மீட்டிங் ஆரம்பித்தது. ஷாலினி இங்கிலீஷில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி பேசினாள். எனக்குப் புரிந்தது ‘ஹலோ’ மட்டும்தான், ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன்.

அப்போது வெளியே ஹார்ன் சத்தம். மீட்டிங் முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று ரவிக்குச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் பைக்கைக் காணோம், செகண்ட் ஹேண்டில் வாங்கின காரில் வந்திருக்கிறான், பூஜை போட்ட பூமாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கார் வைத்திருக்கிற ஆளைத் தெருவில் நிறுத்துவதா? நம்ம வீட்டு மரியாதை என்ன ஆவது. பெரிய கேட்டைத் தள்ளினேன். டங். கார் உள்ளே வந்தது.

ஹாலில் ஷாலினியின் இங்கிலீஷ் நின்றுபோனது.

“மாமா” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

“இன்னாடா ரவி, நீ வந்த நேரத்துலயே போயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே கேட்டை இழுத்து மூடினேன். இதைச் சரிபண்ணாமல் அவன் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக மூடினேன், வேறு எந்த யோசனையும் இல்லை. ரவி உள்ளே ஓடினான். பெட்டியைத் தொடப் போனான். பச்சை வந்துவிட்டது.

“கை வைக்கவே இல்ல நைனா, வந்துச்சு பாரு” என்று சிரித்தான். கார் ராசி என்று நினைத்துக்கொண்டான் போல. “காருல செல்லை வச்சிட்டேன்” என்று மறுபடி வெளியே வந்தவன், காரைக் கொஞ்சம் தெருப் பக்கமாகத் திருப்பி நிறுத்திக்கொள்கிறேன் என்றான். நான் கேட்டைத் திறந்தேன். டங். சிவப்பு.

கஸ்தூரி கீரையை விட்டுவிட்டு எழுந்தாள். “அந்தக் கேட்டை மூடு.”

மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஹாலில் மறுபடியும் இங்கிலீஷ் கேட்டது. ஷாலினி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், ‘சாரி’ மட்டும் எனக்குத் தெரியும்.

“நீ கேட்டைத் தொறந்தா செவப்பு, மூடுனா பச்ச. இத்தினி நாளா அத்தத்தான் நான் சொல்லிக்கினு கீறேன்” என்றாள் கஸ்தூரி.

ரவி என்னைப் பார்த்தான். ஒரு பொம்பளை சொல்லி, கேபிள்காரன் முன்னால், என் கேட்டின்மேல் பழி. பன்னிரண்டு அடி இரும்புக்கும் காற்றில் வருகிற நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

“அப்டியா? இப்போ பாரு” என்று, அவள் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காக, மூன்றாவது தடவையாக, முன்னே இரண்டு தடவையைவிட வேகமாகத் தள்ளினேன்.

டங்.

ஹாலில் இங்கிலீஷ் மூன்றாவது தடவையாக நின்றது. ரவி, “நைனா, போதும் நைனா” என்றான். கஸ்தூரி என்னைத் தள்ளிவிட்டுக் கேட்டை இழுத்தாள், சாதாரண ஆளால் நகராது என்று சொன்னேனே, அதை ஒரே இழுப்பில் மூடினாள்.

நான் ஹாலுக்கு ஓடினேன். ஷாலினி கண்ணில் தண்ணீர் நிற்கிறது, சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பச்சை வந்தது. ஸ்கிரீனில் கட்டம் கட்டமாக முகங்கள் முளைத்தன. நடுக்கட்டத்தில் மேனேஜர் மேடம், வாயை இறுக்கிக்கொண்டு. பக்கத்தில் லண்டன்காரர். அந்தப் பொண்ணு மேல் தப்பு இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தைரியமானவன் நான்தான்.

ஷாலினி தோளுக்கு மேலே தலையை நீட்டி, “மேடம், கேர்ள் நோ மிஸ்டேக். கேட் மிஸ்டேக். மை கேட். ஓப்பன், நெட் கோ. க்ளோஸ், நெட் கம். ஒய்ஃப் டெல்லிங், ஐ நாட் லிசனிங்” என்றேன்.

எல்லாக் கட்டமும் அசையாமல் நின்றது. நெட் மறுபடி போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் லண்டன்காரர் ஏதோ கேட்டார்.

“கேட்டு எவ்ளோ பெருசுன்னு கேக்கறார் மாமா” என்றாள் ஷாலினி, தலையைக் குனிந்துகொண்டே.

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை மனசாரக் கேட்ட ஆள் அவர் ஒருத்தர்தான். பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் முடிந்தவரை விரித்து, “திஸ் டூ டைம்ஸ் சார்” என்றேன். அப்போதுதான் லுங்கியை மடித்துக் கட்டியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

கட்டங்கள் எல்லாம் சிரித்தன. மேடமும் சிரித்தார். லண்டன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஷாலினி மறுபடி பேச ஆரம்பித்தாள். நான் நழுவி வெளியே வந்தேன். இனி அரை மணி நேரம் அந்தக் கேட்டு அசையக் கூடாது, அவ்வளவுதான். ரவி காரோடு உள்ளே மாட்டிக்கொண்டு, “மீஞ்சூர்ல ஒரு கனெக்சன் கீது நைனா” என்று முனகினான். “கேட்டு தொறந்தா என் மருமவ பெங்களூரு போயிடுவா. நீ அங்க உக்காரு” என்றேன்.

அப்போதுதான் தெருமுனையில் எங்கள் பட்டறை லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. லீவு என்று சொல்லியும், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆங்கிள் லோடு ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல வீட்டுக் காம்பவுண்டில் இறக்க டிரைவர் வந்துவிட்டார். அவருக்கு நான் பழக்கி வைத்திருந்தது என்னவென்றால், வந்ததும் இறங்கி, யாரையும் கேட்காமல் பெரிய கேட்டைத் தானே முழுசாகத் தள்ள வேண்டும். ஆட்டோ வாசலில் நின்றது. கத்தினால் மீட்டிங்கில் கேட்கும். பெரிய கேட்டைத் திறந்து வெளியே போக முடியாது.

மிச்சம் இருந்தது சின்ன கேட்டு.

ஓடினேன். மற்றவர்களுக்கென்று நானே அளந்து வைத்த உயரம். குனிந்து பழக்கம் விட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டதே, மேல்சட்டத்தில் நெற்றி போய் மோதியது. அதுவும் ‘டங்’ என்றுதான் கேட்டது. கண்ணில் பூச்சி பறக்க, வெளியே போய் விழாத குறையாக டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டில் கை வைத்திருந்தார்.

“இன்னா ஓனரே, இந்த வழியா வர்றீங்க” என்றார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

மீட்டிங் முடிந்தது. நெட் போகவில்லை.

அப்புறம் ரவி ஸ்டாப்பர் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, “நைனா, உன் கேட்டு வயரைக் கடிச்சிக்கினு கீது பாரு” என்றான். கேட்டு முழுசாகத் திறந்தால், பின்பக்க ஆங்கிள் அந்த ஒரு சாண் வயரைச் சுவரோடு வைத்து மடக்கியிருக்கிறது. மூடினால் வயர் நிமிர்ந்துகொள்கிறது. உள்ளே நிஜமாகவே கண்ணாடி நூல்தானாம். என்ன மண்ணோ. மறுநாளே வயர் பழையபடி கேட்டுக்கு மேலே தொங்கியது, இன்றைக்கும் தொங்குகிறது.

லண்டன் வேலை ஷாலினிக்கே கிடைத்தது. பெங்களூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாடியில் லைட்டு எரிகிறது. ஆனால் அந்தக் கம்பெனியில் இன்றைக்கும் யாருக்கு நெட் போனாலும் “கேட் ஓப்பனா?” என்றுதான் கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் அதைவிட மோசம். போன் கட்டானாலும், கரண்ட் போனாலும், மழையில் டிவி நின்றாலும், “மாமா கேட்டைத் தொறந்துட்டாரு” என்று சிரிப்பு. மீஞ்சூர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது.

நான் ஒன்றே ஒன்று செய்தேன். சின்ன கேட்டின் மேல்சட்டத்தை கிரைண்டரில் அறுத்துவிட்டு, ஒரு முழம் உயர்த்தி வெல்டு வைத்தேன். இப்போது பால்காரரும் ரவியும் நிமிர்ந்தே வருகிறார்கள். ஷாலினிக்கு மீட்டிங் இருக்கிற நேரத்தில் நானும் அது வழியாகத்தான் போகிறேன். ‘டங்’ சத்தம் அவளுக்குத் தொந்தரவு, அதனால்தான். வேறு அர்த்தம் யாரும் எடுக்க வேண்டாம்.

போன மாசம் ஷாலினிக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கேக் வெட்டினோம். அவள் நன்றி சொன்னாள்: பிரபுவுக்கு, கஸ்தூரிக்கு (“அத்தைதான் கண்டுபிடிச்சாங்க”), கேபிள் ரவிக்கு. என் பெயர் வரும் வரும் என்று கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

நான் கேட்கிறேன். கஸ்தூரி வாயால் சொன்னாள், சரி. மூன்றாவது தடவை தள்ளி நிரூபித்தது யார்? லண்டன்காரரைச் சிரிக்க வைத்தது யார்? நெற்றியில் தழும்பு யாருக்கு? அதனால் அடுத்த தடவை அவள் நன்றி சொல்லும்போது என் பெயர் முதலில் வர வேண்டும். கூடவே பெங்களூருக்கு ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். அங்கே எல்லாரும் பத்து அடி கேட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். பத்து இல்லை. பன்னிரண்டு.